கறுப்பு வெள்ளையில் ஒரு நகரம்
‘கோட்டா ஃபேக்டரி’ தொடரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கோட்டா என்னும் பெயர் நமக்கு முதலில் ஒரு கல்லின் பெயராகவே அறிமுகமாயிற்று. பூவிருந்தவல்லி, ஆவடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியோரில் கையில் சற்றே பணம் இருந்தவர்கள் சிமெண்டுத் தரைக்குப் பதிலாகக் கோட்டாக் கல் பாவினர். பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறம். மெருகேற்றிவிட்டால் கத்திரி வெயிலிலும் வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. நாம் பாடம் நடத்தும் கூடத்தின் தரையும் அக்கல்லே. அதன்மேல் அமர்ந்து இருபத்தைந்து ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வருகிறோம். அக்கல் எந்த ஊரிலிருந்து வந்தது, அவ்வூர் எத்தகையது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

காலடியில் கிடந்த பெயர் இன்று தலைக்கு மேலே ஏறிவிட்டது. பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி வழியாக அம்பத்தூர் வரை பேருந்தில் செல்பவர் சன்னலோரம் அமர்ந்தால் போதும். விளம்பரப் பலகைகளில் மாணவர் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு மதிப்பெண். கோட்டாவிலிருந்து வந்த ஆசிரியர்கள், கோட்டா முறைப் பயிற்சி என்ற வாசகங்கள் ஆங்காங்கே தென்படும். தமிழ்நாட்டில் ‘கோட்டா’ என்றவுடன் இட ஒதுக்கீடு என்று பொருள் கொள்வோரே மிகுதி. நம் கல்லூரிக் காவலாளி அப்பலகையொன்றைக் காட்டி, “இது எந்தக் கோட்டா ஹஜ்ரத், நமக்கு உண்டா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை என்றே பின்னர் தோன்றிற்று.

நம் தெருவில் மாணவர் ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக இரண்டாம் ஆண்டாக வீட்டில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பவர். ஸுப்ஹுத் தொழுகைக்கு வருவார். பின்னர் இரவுவரை வெளியே காணக் கிடைக்கமாட்டார். “ஏன் தம்பி, முகம் வாடிக் கிடக்கிறதே” என்று ஒருநாள் கேட்டோம். “சொன்னா உங்களுக்குப் புரியாது ஹஜ்ரத். ஒரு சீரீஸ் இருக்கு, அதைப் பாருங்க. எங்க கதைதான்” என்றார். அவர் சுட்டியதுதான் ‘கோட்டா ஃபேக்டரி’ என்னும் இந்தித் தொடர். மூன்று பருவங்களையும் சில இரவுகளில் துணைத்தலைப்புகளின் உதவியோடு பார்த்து முடித்தோம்.

அரபுக் கல்லூரி ஆசிரியருக்கு இணையத் தொடரில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். ஊர் ஊராய்ச் சென்று சொல்வன்மையால் மக்களை ஏமாற்றிப் பிழைக்கும் ஒருவனின் கதைகளை, ஹரீரியின் மகாமாக்களை, இலக்கியப் பாடநூலாய் வைத்துக் கற்றவர்கள் நாம். அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொரு நகரின் பெயரால் அழைக்கப்படுபவை: ஸன்ஆ, ஹுல்வான், கூஃபா, பக்தாத், பஸ்ரா. ஆகவே நகரின் பெயரைத் தலையில் சுமக்கும் கதைகளோடு நமக்குப் பழக்கம் உண்டு. அப்பெயருக்குக் கதை என்ன நியாயம் செய்திருக்கிறது என்று கேட்கும் பழக்கமும் உண்டு.

முதலில் தொடரின் தகுதியைச் சொல்லிவிடவேண்டும். டிவிஎஃப் நிறுவனம் தயாரித்து, 2019 ஏப்ரலில் யூடியூபில் ஐந்து பகுதிகளாய் வெளிவந்தது முதற்பருவம். 2021 செப்டம்பரில் வந்த இரண்டாம் பருவமும் 2024 ஜூனில் வந்த மூன்றாம் பருவமும் நெட்ஃபிளிக்ஸில் இடம்பெற்றன. முதல் இரண்டையும் இயக்கியவர் ராகவ் சுப்பு. மூன்றாவதைப் பிரதீஷ் மேத்தா. மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சியிலிருந்து ஐஐடி நுழைவுத் தேர்வுக்காகக் கோட்டாவுக்கு வந்து சேரும் வைபவ் என்னும் சிறுவனும், மாணவர்கள் ‘ஜீத்து பையா’ என்று அழைக்கும் இயற்பியல் ஆசிரியரும் கதையின் இரு தூண்கள். காலந்தாழ்ந்து வந்ததால் வைபவுக்குக் கிடைப்பது வரிசையின் அடியில் உள்ள வகுப்புப் பிரிவு. மாணவன் யார் என்பதை அவன் பிரிவின் எண் சொல்லிவிடுகிறது. அவ்வெண் மாறினால் அவனை நண்பர்கள் பார்க்கும் பார்வையும் மாறுகிறது. இதை எவ்விதப் பிரசங்கமும் இன்றிக் காட்டியிருக்கிறார்கள். வாடகை அறை, உணவகத்தில் கிடைக்கும் ஒரே சுவையுள்ள உணவு, வீட்டுக்குத் தொலைபேசும்போது சொல்லாமல் விழுங்கப்படும் சொற்கள் ஆகியவற்றில் பொய்யில்லை. மஞ்சள் காமாலை கண்ட மகனைப் பார்க்கத் தாய் ஊரிலிருந்து வந்து தங்கும் பகுதியில் நம் கண்கள் கலங்கியதை மறைப்பானேன்? பதினான்கு வயதில் ஓர் இரும்புப் பெட்டியோடு மத்ரஸா விடுதியில் விடப்பட்ட எவரும் அக்காட்சியை வெறுமனே கடந்து செல்லமுடியாது.

இனி நம் வினாக்கள்.

தொடர் ஏறக்குறைய முழுமையும் கறுப்பு வெள்ளையில் படமாக்கப்பட்டுள்ளது. மாணவர் வாழ்வின் வறட்சியை உணர்த்த இம்முறை கையாளப்பட்டது என்பது எளிதில் விளங்கும். பலரும் அதைப் பாராட்டினர். மாணவன் அறையைப் பொறுத்தவரை அப்பாராட்டு சரியே. ஆயினும் இந்நாட்டில் நிறத்தை நீக்கிக் காட்டக்கூடாத நகரங்களைப் பட்டியலிடச் சொன்னால் கோட்டா முன்வரிசையில் நிற்கும். பூந்தியிலிருந்து பிரிந்து, ஷாஜஹானின் காலத்தில் மாதோ சிங்கின் கீழ்த் தனியரசான ஊர் அது. அங்கு வளர்ந்த சிற்றோவிய மரபு இந்திய ஓவியக் கலையின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. குறிப்பாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், உம்மேத் சிங்கின் ஆட்சிக்காலத்தில் தீட்டப்பட்ட வேட்டைக் காட்சிகள். அவற்றில் மன்னரைவிடக் காடுதான் பெரிது. இலை இலையாக அடர்ந்த பச்சை, பாறைகளின் ஊதா, நிலவொளியில் பதுங்கும் புலி. இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். கோட்டாவின் பழைய கோட்டைக்குள், மன்னர் பெயரால் நாட்டை ஆண்ட ஜாலிம் சிங்கின் ஹவேலி உண்டு. ஊருக்குள் ‘படே தேவ்தாஜி ஹவேலி’ என்னும் மாளிகையும் உண்டு. இவற்றின் சுவர்களிலும் அதே மரபின் ஓவியங்கள் உள்ளன. தொடரின் சிறுவர்கள் எத்தனை முறை மிதிவண்டியிலும் இருசக்கர வண்டியிலும் தெருக்களைக் கடக்கிறார்கள்! ஒரு முறையாவது ஒரு பழைய வாயிலின்முன் நின்று உள்ளே எட்டிப்பார்ப்பதாகக் காட்டியிருந்தால், அவர்களுக்கு மறுக்கப்பட்டது எது என்பது நமக்கு விளங்கியிருக்கும். வண்ணத்தை நீக்கியவர்கள், அவ்வண்ணம் அங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள்.

ஓவியம் மட்டுமன்று. 1857 அக்டோபரில் கோட்டாவின் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்து ஆங்கிலேயப் பிரதிநிதியின் மாளிகையைத் தாக்கினர். மேஜர் பர்ட்டனும் அவர் புதல்வர் இருவரும் அதில் உயிரிழந்தனர். அடுத்த ஐந்து மாதங்கள் நகரின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் வசமிருந்தது. 1858 மார்ச்சில்தான் ஆங்கிலப் படை அதை மீட்டது. அக்கிளர்ச்சியின் தலைவர்கள் இருவர். ஒருவர் லாலா ஜெய்தயாள், மற்றவர் மெஹ்ராப் கான். இருவரும் பின்னர் தூக்கிலிடப்பட்டனர். டெல்லியையும் லக்னோவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் இதழ்களிலும் இவ்விருவர் பெயரைக் காண்பது அரிது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். பர்ட்டன் இறந்த அம்மாளிகை இன்றும் சம்பல் ஆற்றங்கரையில் நிற்கிறது.

நகரை விட்டுச் சிறிது தொலைவு சென்றால் கைத்தூன். அங்குள்ள அன்ஸாரி முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் நெய்யும் சேலையே ‘கோட்டா டோரியா’. பருத்தியும் பட்டும் சிறு சிறு கட்டங்களாய்ப் பின்னி, காற்றைப்போல் எடையற்று நிற்கும் துணி. இழைக்கு அரிசிக் கஞ்சியும் வெங்காயச் சாறும் பூசி வலுவூட்டுவார்களாம். இதன் பழைய பெயர் ‘மசூரியா’. மைசூரிலிருந்து நெசவாளர்களைக் கோட்டா அரசர் அழைத்துச் சென்று குடியமர்த்தியதால் அப்பெயர் வந்தது என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. அது முழுதும் உண்மையாயின், நம் தெற்கின் விரல்கள் அத்துணியில் இருக்கின்றன. 2005இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மாணவர் வந்து சென்ற ஊரில், அவர்களுள் எத்தனைபேர் ஒரு தறியின் ஓசையைக் கேட்டிருப்பர்? தொடர் அவ்வினாவை எழுப்பவில்லை.

ஹரீரியின் கதைகளிலும் நகரம் பல இடங்களில் வெறும் தலைப்பாகவே நின்றுவிடும் என்று எமக்குக் கற்பித்த உஸ்தாத் சொல்வதுண்டு. ஆனால் இறுதி மகாமாவில் பஸ்ரா வருகிறது. அந்நகரையும் அதன் மக்களையும் அவர்தம் கல்வியையும் கதைநாயகன் வாயார வாழ்த்துகிறான். அவன் மனம் திரும்புவதும் அங்கேதான். நாற்பத்தொன்பது நகரங்களை ஏமாற்றியவன் ஐம்பதாவதற்குக் கடன்பட்டான் எனலாம். ‘கோட்டா ஃபேக்டரி’யின் மூன்று பருவங்களில் அத்தகைய ஒரு கணம்கூட இல்லை. இதைத் தயாரித்தவர்களின் கவனக்குறைவு என்று மட்டும் நாம் கூறமாட்டோம். பயிற்சி மையங்கள் அந்நகரை எப்படிப் பார்க்கின்றனவோ, அப்படியே தொடரும் பார்த்திருக்கிறது. வந்து, எழுதி, வென்று அல்லது தோற்று, வெளியேறவேண்டிய இடம், அவ்வளவே. தொழிற்சாலை என்று தலைப்பிட்டு அதைக் குறை சொல்லப் புகுந்தவர்கள், தொழிற்சாலை உரிமையாளரின் கண்ணாடியையே அணிந்துகொண்டார்கள்.

தலைப்பிலுள்ள அச்சொல்லுக்கும் ஒரு மெய்யான வரலாறு உண்டு. சம்பல் ஆற்றின் அணைகளும் மின்சாரமும் கிடைத்த பின் கோட்டா தொழில்நகராயிற்று. அங்கிருந்த ஆலைகளுள் பெரியது ஜே.கே. சிந்தெடிக்ஸ். அதில் பொறியாளராய்ப் பணிபுரிந்த வி.கே. பன்சல், தசைநலிவு நோயால் நடமாட்டம் குன்றி வந்த நிலையில், 1980களில் தம் வீட்டு உணவு மேசையைச் சுற்றிச் சில சிறுவர்களை அமர்த்திக் கணிதம் கற்பித்தார். அவர் மாணவர்கள் ஐஐடியில் இடம்பெறத் தொடங்கினர். 1991இல் ‘பன்சல் கிளாஸஸ்’ உருவாயிற்று. 1997இல் அவ்வாலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். நகரின் வீடுகள் மாணவர் விடுதிகளாயின. சக்கர நாற்காலியில் அமர்ந்து கற்பித்த அம்மனிதர் 2021 மே மாதத்தில் கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி இறந்தார். ஓர் ஆலை அழிந்து அவ்விடத்தில் இன்னோர் ‘ஆலை’ முளைத்த கதை அது. இதைச் சொல்லியிருந்தால் வைபவின் வீட்டு உரிமையாளர் யார், அவர் ஏன் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார் என்பதெல்லாம் விளங்கியிருக்கும். தொடரில் உள்ளூர் மக்கள் வாடகை வாங்கவும் சோறு போடவும் மட்டுமே தோன்றுகிறார்கள்.

இவ்வரலாற்றை நம் வட்டாரத்தார் அயலூர்க் கதையாய்ப் படிக்க இயலாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. அதற்கு முன்பே டன்லப் ஆலை வந்துவிட்டது. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் தோன்றியது. ஐடிஐ முடித்த ஒருவர் ஃபிட்டராகவோ டர்னராகவோ சேர்ந்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து ஓய்வுபெற்ற தலைமுறை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. டன்லப் இன்று இல்லை. பேட்டையின் சிறு பட்டறைகளில் நிலையான வேலை என்பது அருகிவிட்டது. தந்தையின் திறமையால் மகன் பிழைக்க முடியாது என்று ஆனபோதுதான் அந்த விளம்பரப் பலகைகள் இச்சாலையில் ஏறின. நாம் முன்னே சொன்ன மாணவரின் பாட்டனார் பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். ஓர் இரும்புத் துண்டை விரலால் தடவியே அதன் அளவு சொல்லுவார் என்பர். பேரர் இப்போது 180 நிமிடங்களில் 180 வினாக்களுக்கு விடை குறிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

தொடரின் மையமான ஜீத்து பையாவுக்கு வருவோம். அவர் நல்லவர், கனிவானவர். மாணவன் தேர்வெழுதுபவன் மட்டுமல்லன், பதினைந்து பதினாறு வயதுக் குழந்தை என்று அறிந்தவர். ‘சார்’ என்று அழைக்கப்படுவதைவிட ‘அண்ணன்’ என்று அழைக்கப்படுவதே தம் பணியின் இயல்பு என்று மூன்றாம் பருவத்தில் அவர் விளக்கும் இடம் ஆசிரியர் எவரும் ஒருமுறை கேட்கவேண்டியது. எனினும் அவர் என்ன செய்கிறார் என்று ஊன்றிப் பார்த்தால் ஓர் இடர்ப்பாடு தெரிகிறது. வைபவுக்குக் கனிம வேதியியல் பிடிக்கவில்லை. அடிப்படை விளங்காமல் மனனம் செய்யவேண்டியிருக்கிறதே என்பது அவன் முறையீடு. அம்முறையீடு முற்றிலும் நியாயமானது. அறிவின் குரல் அது. ஆசிரியரோ வெறுப்பை வென்று அதையும் படித்துத் தீரவேண்டிய வழியைச் சொல்லித் தேற்றுகிறார். பார்வையாளர் நெகிழ்கின்றனர். மாணவன் சரியாகக் கேட்ட கேள்வி, கனிவான ஒரு சொற்பொழிவினால் அடங்கிப்போவதை நாம் கவனிப்பதில்லை. கொடுமைக்கார ஆசிரியர் ஒருவர் அவனை அதட்டியிருந்தால் அவன் கேள்வியாவது உயிரோடு இருந்திருக்கும்.

தமிழ்த் திரையும் இதற்கு விலக்கன்று. ‘சாட்டை’ முதல் ‘வாத்தி’ வரை ஒரு நல்லாசிரியர் வந்து அனைத்தையும் சரிசெய்துவிடுகிறார். அமைப்பு அப்படியே இருக்கும்; நாயகர் வந்து போவார்.

இவ்விடத்தில் இப்னு கல்தூன் நம் நினைவுக்கு வருவது தவிர்க்கவியலாதது. 1377இல் எழுதிய ‘முகத்திமா’வின் ஆறாம் பகுதியில், கலைகளைச் சுருக்கி எழுதும் ‘முக்தஸர்’ நூல்கள் கற்பித்தலுக்குக் கேடு விளைவிப்பன என்று ஒரு தனி இயலே அமைத்தார். சட்டவியலில் இப்னுல் ஹாஜிப், அரபு மொழியியலில் இப்னு மாலிக், தர்க்கவியலில் குனஜீ ஆகியோரைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டார். அவர்கள் சாமானியர் அல்லர்; நாம் இன்றும் தலைமேல் வைத்துப் போற்றும் மேதைகள். ஆயினும் அவர் கூறும் காரணம் கூர்மையானது. கலையின் இறுதி முடிவுகளை, அவற்றை ஏற்கும் ஆயத்தம் இன்னும் பெறாத தொடக்க மாணவன்மேல் சுமத்துகிறது சுருக்கநூல். அவன் காலமெல்லாம் நெருக்கிச் செறித்த சொற்களின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே கழிகிறது. ‘மலகா’ என்று அவர் அழைக்கும், உள்ளத்தில் ஊன்றி நிற்கும் திறன் அவனுக்கு வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் குறைபட்டதாகவே வாய்க்கிறது. ஒரு கலையை மும்முறை சுற்றி வரவேண்டும் என்பது அவர் பரிந்துரை. முதற்சுற்றில் தலையாய சிக்கல்களைப் பொதுவாக அறிதல். இரண்டாவதில் விளக்கமும் கருத்துவேறுபாடுகளும். மூன்றாவதில் எஞ்சிய முடிச்சு ஒவ்வொன்றும். மாணவரை ஒடுக்கினால் அவர்கள் ஊக்கம் குன்றிச் சோம்பலுக்கும் பொய்க்கும் ஆளாவர் என்பதற்கும் வேறோர் இயல் உண்டு. பயிற்சி மையங்களின் தொகுப்பேடுகளையும் சூத்திரப் பட்டியல்களையும் நம் மாணவர் நம்மிடம் கொணர்ந்து காட்டியபோது, இவை முக்தஸர்களின் முக்தஸர்கள் என்றே நமக்குப் பட்டது. இப்னு மாலிக்கின் ஆயிரம் அடிகளில் இசையாவது இருந்தது.

பிறரைக் குறை கூறும் இவ்விடத்தில் நம் கையையும் நீட்டிக் காட்டவேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு நம் மாணவரை ஆயத்தம் செய்யத் தொடங்கிய நாளில், முந்தைய பத்தாண்டு வினாத்தாள்களைத் திரட்டி, திரும்பத் திரும்ப வரும் வினாக்களைப் பிரித்தெடுத்து, விடைகளைச் சுருக்கி எழுதி, நகலெடுத்துக் கொடுத்தவர் வேறு எவருமல்லர், நாமே. மாணவர் தேர்ச்சி பெற்றனர், பெற்றோர் மகிழ்ந்தனர், நிர்வாகம் பாராட்டிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் ஒருவர் நம் முன் அமர்ந்து ஒரு பழைய நூலின் முதற்பக்கத்தை வாசிக்க முயன்றார். மூன்றாம் வரியில் தடுமாறி நின்றார். அவர் பட்டம் பெற்றவர், முதல் வகுப்பு. தவறு அவருடையதன்று. ‘கோட்டா ஃபேக்டரி’யைப் பார்த்த இரவுகளில் நமக்கு வந்த உறக்கமின்மைக்கு அந்த மூன்றாம் வரியும் ஒரு காரணம்.

தொடரின் நேர்மையைப் பற்றிய ஐயம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. முதற்பருவத்தின் விளம்பரப் பங்காளி, இணையவழிப் பயிற்சி விற்கும் அன்அகாடமி நிறுவனம். அந்நிறுவனமே 2022இல் கோட்டாவில் நேரடி மையம் திறந்தது. பயிற்சித் தொழிலின் கொடுமையைக் காட்டும் கதைக்குப் பயிற்சித் தொழிலே பொருள் தந்தது என்றால், அக்கதை எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு நிறுவனம் தீயது, இன்னொன்று நல்லது என்ற அளவுக்குத்தான் செல்லும். இரண்டாம் பருவத்தில் ஜீத்து பையாவே தமக்கென ஒரு மையம் தொடங்குவது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அப்பருவத்தின் முடிவில் அவர் மாணவி ஒருவரின் மரணச் செய்தி வருகிறது. மூன்றாம் பருவத்தில் அவர் அத்துயரிலிருந்து மீள மருத்துவ ஆலோசனையை நாடுகிறார். தொடர் தன் எல்லையைத் தானே தொட்ட இடம் இது. 2023இல் மட்டும் கோட்டாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். நிர்வாகம் விடுதி அறைகளின் தளவாடங்களைத் திருத்தியமைக்கச் சொல்லி ஆணையிட்டது. பாடச்சுமையைத் திருத்தியமைக்க எவருக்கும் அதிகாரம் இருந்ததாகத் தெரியவில்லை. 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம், பதினாறு வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கலாகாது என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. நல்லாசிரியரின் துயரை நெடுநேரம் காட்டும் தொடர், இறந்த மாணவியின் துயரைக் காட்ட ஒரு காட்சியும் ஒதுக்காதது அதன் பெருங்குறை என்பது நம் முடிவு. யார் அழுவதை நாம் பார்க்கவேண்டும் என்று கலைஞன் தேர்ந்தெடுப்பதில் அவன் சார்பு வெளிப்பட்டுவிடும்.

இதையெல்லாம் வடநாட்டு நோய் என்று தள்ளிவிடவும் வழியில்லை. தமிழ்நாட்டில் நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை ஒரு கணக்கைத் தருகிறது. மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோருள் மறுமுறை எழுதியோர் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. பத்தில் ஏழு பேர் ஓராண்டையோ அதற்கு மேலோ அறைக்குள் கழித்துவிட்டு வந்தவர்கள் என்று இதைப் படிக்கவேண்டும். அவ்வோராண்டுக்குக் கட்டணம் கட்ட இயலாதவர்கள் அக்கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? நம் காவலாளி கேட்ட கேள்வியும் அதுதானே.

அண்மைக் காலத்தில் கோட்டாவின் மாணவர் தொகை குறைந்துவருகிறது. அதன் இடத்தை நோக்கி ராஜஸ்தானின் இன்னோர் ஊரான சீக்கர் விரைகிறது. சீக்கர் அமைந்த ஷேகாவதி நிலப்பகுதி, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்று பொருளீட்டிய மார்வாரி வணிகர் கட்டிய ஓவிய மாளிகைகளால் பெயர்பெற்றது. புகைவண்டியையும் மோட்டார் காரையும் கண்ணன் கதையோடு ஒரே சுவரில் தீட்டிய மாளிகைகள்; இன்று பல பூட்டிக் கிடக்கின்றன. அம்மாவட்டத்தின் பதேபூர் 1451இல் காயம்கானி நவாபு பதே கான் நிறுவிய ஊர். அவ்வழியில் வந்த ஜான் கவி, தம் குலத்தின் வரலாற்றை 17ஆம் நூற்றாண்டில் வ்ரஜ மொழியில் ‘காயம்கான் ராஸோ’ என்னும் காவியமாய்ப் பாடினார். முஸ்லிம் நவாபு குடியில் பிறந்தவர் வ்ரஜ மொழியில் இயற்றிய அந்நூலுக்கு நாம் இதுவரை ஒரு கட்டுரையாவது எழுதியிருக்கிறோமா? காரைக்குடியின் பெருவீடுகளைக் கட்டிய வணிகர் குலத்தில் ஒருவர், அழகப்பச் செட்டியார், தம் செல்வத்தை அவ்வூரிலேயே கல்லூரிகளாகவும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கான நிலமாகவும் விட்டுச் சென்றார். பயிற்சி மையங்கள் கோட்டாவிலும் சீக்கரிலும் விட்டுச் செல்லப்போவது எது? ‘சீக்கர் ஃபேக்டரி’ என்று ஒரு தொடர் நாளை வரக்கூடும். அதை எடுப்போர் படப்பிடிப்புக் கருவியை ஒருமுறை சுவர்ப்பக்கம் திருப்பினால் நன்று.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அம்மாணவரை அழைத்து, கோட்டாவின் வேட்டை ஓவியம் ஒன்றைக் கணினித் திரையில் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். “புலி எங்க ஹஜ்ரத்?” என்றார். தேடச் சொன்னோம். இலைகளுக்கிடையே கண்டுபிடித்ததும், பல மாதங்களுக்குப் பின் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம். பேச்சு இப்னு கல்தூனை நோக்கிச் சென்றது. மேற்கு மக்ரிபின் கல்விக்கூடங்களில் மாணவர் தங்கிப் படிக்க வரையறுத்த காலம் பதினாறு ஆண்டுகள், தூனிஸில் ஐந்தே ஆண்டுகள் என்று அவர் எழுதியதைச் சொன்னோம். கற்பிக்கும் முறை சரியில்லாததால்தான் மக்ரிபில் அத்தனை ஆண்டுகள் ஆயின என்றும், அங்கே மாணவர் வகுப்பில் வாய்திறவாது அமர்ந்து அளவுக்கு மீறி மனனம் செய்தனர் என்றும் அவர் காரணம் கூறியதையும் விளக்கினோம்.

“பதினாறு வருஷமா?” என்றார். பின்னர் விரல்விட்டு எண்ணினார். “எனக்கு இப்பதான் ரெண்டு முடியுது.”

ஏழு மணிக்கு மாதிரித் தேர்வு இருப்பதாகச் சொல்லி எழுந்தவர், வாயிற்படியில் நின்று கேட்டார்: “அந்தப் படம் எந்த ஊர்னு சொன்னீங்க?” அவர் நின்றிருந்த தரையைச் சுட்டிக் காட்டினோம்.